மேகமா, பழுதா? மலையில சோலார் வெச்சிருக்கவங்க அறிகுறி வாரியா செக் பண்ற வழி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வீட்டுக்கு சோலார் போட்டவங்க யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், "இங்க மேகம் ஜாஸ்திங்க, அதான் கரண்ட் கம்மி". நானும் அஞ்சு மாசம் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன், பேனல் மாட்டினவரும் ஃபோன்ல அதையேதான் சொன்னார், கடைசியில பார்த்தா மேகமெல்லாம் இல்ல, விரல் நீளத்துக்கு இருக்கிற ஒரு கனெக்டருக்குள்ள தண்ணி போயிருந்தது. இதே பழுது கீழ கோயம்புத்தூர்ல வந்திருந்தா ஒரே வாரத்துல பிடிச்சிருப்பாங்க, அங்க தினமும் வெயில், யூனிட் குறைஞ்சா உடனே கண்ணுல படும். நமக்கு இன்னைக்கு 14 யூனிட், நாளைக்கு 4, அடுத்த நாள் 9னு வரும்போது எது வானிலை எது பழுதுன்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாது. அதனாலதான் இதை எழுதுறேன், உங்க வீட்டுல என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

என்கிட்ட இருக்கிறது 540 வாட் பேனல் 6, ஆறும் ஒரே ஸ்ட்ரிங் (ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா கோத்தது), 3 கிலோவாட் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (பேனலோட டிசி கரண்டை ஏசியா மாத்தி இபி லைனோட சேர்க்கிற பெட்டி), பேட்டரி கிடையாது. கீழ வர்ற நம்பர் எல்லாம் இந்த சைஸுக்கு, உங்களோடது பெருசுன்னா அதுக்குத் தகுந்த மாதிரி கணக்குப் போட்டுக்கோங்க.

எரியற வாசனை, சடசடன்னு சத்தம், பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கு

இது இருந்தா மீதியைப் படிக்க உக்காராதீங்க. முதல்ல ஏசி பக்க எம்சிபியை (இன்வெர்ட்டருக்கும் வீட்டு லைனுக்கும் நடுவுல இருக்கிற பிரேக்கர்) ஆஃப் பண்ணுங்க, அப்புறம் டிசி ஐசோலேட்டரை (பேனல்ல இருந்து வர்ற ஒயரைத் துண்டிக்கிற சுவிட்ச்) ஆஃப் பண்ணுங்க, இந்த வரிசைதான். ஐசோலேட்டர்லயே புகை வருது, உருகியிருக்குன்னா அதுல கை வைக்கவே வேண்டாம், ஏசியை மட்டும் ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் தள்ளி நின்னு ஆளைக் கூப்பிடுங்க. ஓடிட்டு இருக்கும்போது பேனல் கனெக்டரை மட்டும் கழட்டவே கழட்டாதீங்க. ஏசி கரண்ட் செகண்டுக்கு நூறு தடவை ஜீரோவைத் தொட்டு வர்றதால பொறி சீக்கிரம் அணைஞ்சிடும், டிசியில அது கிடையாது, பொறி கிளம்பினா வெல்டிங் மாதிரி நின்னு எரியும். இன்னொண்ணு, மேகமா இருக்கு பேனல்ல கரண்ட் இருக்காதுன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. பனிமூட்டத்துலயும் ஆம்பியர்தான் குறையுமே ஒழிய வோல்டேஜ் கிட்டத்தட்ட முழுசா இருக்கும், என்னோட ஆறு பேனலுக்கு அது 300 வோல்ட்கிட்ட வருது. ஆளைக் கொல்ல அது தாராளம்.

எப்பவுமே யூனிட் கம்மி

ரொம்பப் பேருக்கு இருக்கிற கம்ப்ளைன்ட் இதுதான், இதுலதான் மேகத்தைத் தனியாப் பிரிக்கணும். ஒரு நாள் மொத்த யூனிட்டை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. கீழ ஊர்ல 1 கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட்னு ஒரு பொதுக் கணக்கு சொல்வாங்க, அதைக் கொண்டுவந்து ஜூலை மாச கூடலூர்லயோ நவம்பர் மாச குன்னூர்லயோ வெச்சுப் பார்த்தா மனசுதான் கெடும். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, குன்னூர் கோத்தகிரிக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழைதான் ஜாஸ்தி, ஒரே மாவட்டத்துலயே ரெண்டு காலண்டர் ஓடுது.

நான் பண்றது ரொம்ப சிம்பிள். ஒரு நோட்டு, ஒரு பேனா. பதினொண்ணுல இருந்து ஒரு மணிக்குள்ள வெளிய வந்து தரைக்கு மேல கையை நீட்டுவேன். விரல் அஞ்சும் தனித்தனியா ஓரம் வெட்டினாப்புல நிழல் விழுந்தா "வெயில்"னு எழுதுவேன், நிழல் இருக்கு ஆனா விரல் தெரியலன்னா "மெல்லிசு", நிழலே இல்லன்னா "மூட்டம்". பக்கத்துல இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேல அந்த நிமிஷம் காட்டுற வாட்ஸ். அவ்வளவுதான், ரெண்டு வாரம் எழுதினா போதும்.

ஜனவரி, பிப்ரவரி மாதிரி வானம் துடைச்சு விட்ட நாள்ல, விரல் நிழல் கத்தி மாதிரி விழும்போது, 3.24 கிலோவாட் பேனல் 2500 வாட்ஸாவது காட்டணும், குளிர்ல பேனல் இன்னும் நல்லாவே வேலை செய்யும், ஏன்னா சூடு ஏற ஏற டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம் குறையற சாமான் அது, குளிர்ந்தா அதே அளவு கூடும். நிழலே இல்லாத மூட்டத்துல 300, 500ன்னு வர்றது சகஜம், அதுக்குக் கவலைப்படாதீங்க. ஆனா "வெயில்"னு எழுதின வரி எல்லாத்துலயும் 2000ஐத் தாண்டவே இல்லன்னா மேகத்து மேல பழி போடாதீங்க, ஏதோ பழுது இருக்கு. இதுக்கு நேர்மாறா, மேகம் விலகுற ஓரத்துல திடீர்னு சில நிமிஷம் இன்வெர்ட்டர் முழு 3000ல போய் முட்டி நிக்கும், அதுவும் பழுது இல்ல, வெயிலோட மேகத்து ஓரத்துல பட்டுச் சிதறுற வெளிச்சமும் சேர்ந்து விழுது.

பழுதுன்னு தெரிஞ்சா முதல்ல நிழலைப் பாருங்க, கருவியெல்லாம் அப்புறம். நம்ம மலை 11 டிகிரி சொச்சம் அட்சரேகை, டிசம்பர் மாசம் உச்சி வேளையில கூட சூரியன் தெற்கே சாஞ்சு 55 டிகிரிலதான் நிக்கும், அப்போ 20 மீட்டர் சில்வர் ஓக் மரம் 14 மீட்டருக்கு நிழல் போடும், காலையில இன்னும் நீளம். தெற்குப் பக்க மரத்தை எல்லாரும் பார்க்கறாங்க, ஆனா ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமா போகுது, அதை மறந்துடறாங்க. வடக்குல இருக்கிற எஸ்டேட் மரம் ஜூன்ல நிழல் போட்டா "மழைக்காலம் அதான் கம்மி"ன்னு விட்டுடுவாங்க. மாட்டின வருஷம் குட்டியா இருந்த மரம் இப்போ கூரைக்கு மேல வந்திருக்கும்.

காலையில சிவப்பு லைட், பத்து மணிக்கு தானா சரியாயிடுது

எனக்கு வந்தது இது, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். இன்வெர்ட்டர்ல "ஐசோலேஷன் லோ", "பிவி ஐஎஸ்ஓ", "எர்த் ஃபால்ட்" இப்படி ஏதாவது ஒண்ணு வரும், வெயில் ஏறினதும் தானா பச்சையாகி ஓட ஆரம்பிச்சிடும். தானா சரியாகறதாலதான் யாரும் கண்டுக்கறதில்ல. இன்வெர்ட்டர் ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி பேனல் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல கரண்ட் கசியுதான்னு தானே டெஸ்ட் பண்ணும். ராத்திரி பெய்ஞ்ச பனியில எங்கயாவது ஈரம் புகுந்து கசிவு இருந்தா ஸ்டார்ட் ஆகாது, காய்ஞ்சதும் ஆகும்.

கீழ ஊர்ல இதனால அரை மணி நேரம் போகும், இங்க போறது அப்படி இல்ல. மலையில நிறைய மாசம் காலையிலதான் நல்ல வெயில், மதியத்துக்கு மேல பள்ளத்துல இருந்து மூட்டம் ஏறி வந்து மூடிடும். ஏழரைல இருந்து பத்து வரைக்கும் இன்வெர்ட்டர் தூங்கினா அன்னைக்கு சம்பாத்தியத்துல ஒரு நல்ல பங்கு அங்கயே போச்சு.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பையன் பண்ணின வேலையைப் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். ஏசி ஆஃப், டிசி ஆஃப், இன்வெர்ட்டர்ல இருந்து ஸ்ட்ரிங்கைக் கழட்டினான். மீட்டர்ல பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல 300. நல்ல ஸ்ட்ரிங்கா இருந்தா பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் வெச்சா நம்பர் ஏதோ காட்டி அப்படியே தேய்ஞ்சு போயிடணுமாம், எங்களோடது 100ல நிலையா நின்னுச்சு. மைனஸுக்கும் எர்த்துக்கும் 200. "பேனலுக்கு 50ன்னு வெச்சுக்கோங்க சார், பிளஸ்ல இருந்து ரெண்டு பேனல் தாண்டினதும் மூணாவதுக்கு முன்னாடி இருக்கிற ஜாயின்ட்தான்"னு கூரை ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டான். ஏறிப் பார்த்தா அங்கதான் கேபிள் டை வெயில்ல மக்கி அறுந்து ஒயர் தகரத்துப் பள்ளத்துல விழுந்து கிடக்கு, கனெக்டர் தேங்கின தண்ணியில. பிரிச்சான், உள்ள செம்புப் பாத்திரத்துல புளி வெச்சு மறந்தா பிடிக்குமே அந்தப் பச்சை, நடுவுல ஒரே ஒரு சொட்டுத் தண்ணி, சாய்ச்சப்போ உருண்டு அவன் கையில விழுந்துச்சு. ஆண் கனெக்டர் ஒரு கம்பெனி, பெண் கனெக்டர் வேற கம்பெனி, பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டினா கிளிக்னு உக்காரும், ஆனா ரப்பர் வளையம் சரியா இறுகாது. கிரிம்ப்பும் (ஒயர் முனையில உலோகப் பின்னை அமுக்கிப் பிடிக்க வைக்கிறது) கட்டிங் பிளையர்ல அமுக்கினது. ரெண்டு கனெக்டரையும் ஒரே கம்பெனியில புதுசா போட்டு, கிரிம்பிங் டூல்ல அடிச்சு, ஒயரை ஃபிரேமுக்குக் கீழ தூக்கிக் கட்டினான். மறுநாள் ஆறே முக்காலுக்கே பச்சை லைட் எரிஞ்சது.

இந்த அளவீட்டை நீங்களா பண்ண வேண்டாம், ஆனா வர்ற ஆள்கிட்ட "எர்த்துக்கு ரெண்டு பக்கமும் வோல்டேஜ் பார்த்தீங்களா"ன்னு கட்டாயம் கேளுங்க. கனெக்டர் தவிர குரங்கு இழுத்து உரிச்ச ஒயர், எலி கடிச்சது, ஃபிரேம் ஓரத்துல தேய்ஞ்சது, டிசி பாக்ஸுக்குள்ள மேல் பக்கமா கேபிளை நுழைச்சதால இறங்கின தண்ணி, இதுல எதுவா வேணா இருக்கலாம். கேபிள் எப்பவும் பாக்ஸோட அடிப் பக்கத்துல கிளாண்ட் (கேபிளைச் சுத்தி இறுக்கி தண்ணி புகாம அடைக்கிற மூடி) போட்டுத்தான் நுழையணும், நுழையறதுக்கு முன்னாடி கொஞ்சம் தொங்கி வளைஞ்சு ஏறணும், தண்ணி வளைவுலயே சொட்டிப் போயிடும்.

பேனலோட கீழ் ஓரத்துல பாசி, கருப்புக் கோடு

நம்ம பக்கம் பேனலை 10, 12 டிகிரி சாய்வுலதான் மாட்டுறாங்க, அதனால மழைத்தண்ணி கீழ் ஃபிரேம்கிட்ட ஒரு கோடு தேங்கி நிக்கும், அங்க தூசி, அப்புறம் பாசி, அதுக்கப்புறம் வட்ட வட்டமா ஒட்டிக்கிற வெள்ளைப் பூஞ்சைப் பாசி. ரெண்டு விரல் அகலம்தானேன்னு விடாதீங்க, ஒரு பேனலுக்குள்ள செல் எல்லாம் வரிசையா கோத்திருக்கு, நிக்க வெச்சு மாட்டின பேனல்ல கீழ் வரிசை முழுசா மறைஞ்சா பழைய மாடல்ல பேனல் மொத்தமுமே படுத்துடும், ஹாஃப் கட் பேனல்னா (செல்லைப் பாதியா வெட்டி, மேல் பாதி கீழ் பாதின்னு தனித்தனியா கோத்தது) கீழ் பாதி போயிடும்.

மெல்லிய துணியை நனைச்சு ஒரு மணி நேரம் அந்தக் கோட்டு மேல போட்டு ஊற விட்டு, ஸ்பாஞ்சு இல்லன்னா மென்மையான பிரஷ் வெச்சுத் தேய்ங்க. இரும்பு நார், பிளேடு, பிளீச்சிங் பவுடர், பிரஷர் வாஷர் எதுவும் வேண்டாம். கண்ணாடியில விரிசல் இருக்குன்னா தண்ணியே ஊத்தாதீங்க. பாசி பிடிச்ச கூரை எப்படி வழுக்கும்னு நமக்குத் தெரியும், கயிறு கட்டாம, கீழ ஒரு ஆள் இல்லாம ஏறாதீங்க, ரெண்டு யூனிட்டுக்காக இடுப்பெலும்பை உடைச்சுக்க வேண்டாம்.

கண்ணாடி விரிசல், ஆனா கரண்ட் வருது

காத்துல சில்வர் ஓக் கிளை விழுந்து கண்ணாடி சிலந்தி வலை மாதிரி ஆயிருக்கும், இன்வெர்ட்டர்ல பெருசா குறைஞ்சிருக்காது, "ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னு விட்டுடுவாங்க. அது தப்பு. ஈரம் உள்ள போய் ஃபிரேம் வரைக்கும் கரண்ட் கசியும், மழைநாள்ல அந்த ஃபிரேமைத் தொடுறவங்களுக்கு ஆபத்து. மாத்தியே ஆகணும். மாத்தும்போது அதே வாட்ஸ், முக்கியமா அதே ஆம்பியர் இருக்கிற பேனலாப் பாருங்க, ஆம்பியர் கம்மியா ஒண்ணு உள்ள வந்தா ஸ்ட்ரிங் முழுக்க அதோட அளவுக்கு இறங்கி வரும்.

நல்ல வெயில்ல இன்வெர்ட்டர் விட்டு விட்டு நிக்குது

"கிரிட் ஓவர் வோல்டேஜ்"னு காட்டும். அந்த நேரத்துல இன்வெர்ட்டர்ல காட்டுற ஏசி வோல்டேஜையும் மீட்டர் போர்டுல இருக்கிற வோல்டேஜையும் ஒண்ணா பாருங்க, எலக்ட்ரீசியன் ஒருத்தர் கூட இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. ரெண்டு இடத்துலயும் 255க்கு மேலன்னா லைன்லயே ஜாஸ்தி, மின்வாரியத்துல எழுதிக் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) பார்க்கச் சொல்லணும். மீட்டர்ல 244, இன்வெர்ட்டர்ல 257ன்னா பழுது நம்ம வீட்டுக்குள்ள, ஏசி கேபிள் மெல்லிசு இல்லன்னா எங்கயோ ஸ்க்ரூ லூஸ். மலையில வீடு மேல, மீட்டர் கீழ ரோட்டோரத்துலன்னு நிறைய பேருக்கு நீளமா கேபிள் ஓடுது, அதனால இது அடிக்கடி வரும்.

காத்து மழையில மரம் விழுந்து கரண்ட் போனா சோலாரும் நின்னுடுதேன்னு கேக்கறவங்களுக்கு, ஆன்கிரிட் அப்படித்தான் இருக்கணும். லைன்ல வேலை செய்யற ஆளுக்கு நம்ம கூரையில இருந்து ஷாக் போகக் கூடாதுன்னு வெச்சிருக்கிற பாதுகாப்பு அது.

இடி விழுந்ததுக்கு அப்புறம்

டிசி பாக்ஸையும் ஏசி பாக்ஸையும் பாருங்க, எஸ்பிடின்னு இருக்கிற சின்ன சாமான்ல (இடியில வர்ற அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பி விடுறது) ஒரு ஜன்னல் பச்சையா இருக்கணும். சிவப்பாயிட்டா அது தன்னைக் கொடுத்து இன்வெர்ட்டரைக் காப்பாத்தியிருக்கு, அடுத்த இடிக்கு முன்னாடி மாத்துங்க. எர்த் 5 ஓமுக்குள்ள இருக்கணும், பாறை மண்ணுல அது சுலபமா வராது, மழைக்காலத்துல அளந்து 4ன்னு எழுதிட்டுப் போனா மார்ச்ல 12 காட்டும். காய்ஞ்ச நாள்ல அளக்கச் சொல்லுங்க.

பில் மட்டும் குறையல

இன்வெர்ட்டர்ல உற்பத்தி நல்லா இருக்கு, ரெண்டு மாச பில் அப்படியேன்னா கூரைக்குப் போகாதீங்க, இருவழி மீட்டர்ல இம்போர்ட் (லைன்ல இருந்து நாம எடுத்தது), எக்ஸ்போர்ட் (நாம லைனுக்குக் கொடுத்தது) ரெண்டு ரீடிங்கையும் மாசம் ஒண்ணாந்தேதி ஃபோட்டோ எடுத்து வைங்க. மதியம் வீட்டுல எதுவும் ஓடாதப்போ எக்ஸ்போர்ட் நம்பர் ஏறணும். ஏறலன்னா மீட்டர் கனெக்ஷன்ல கேள்வி, ஏறியும் பில்லுல வரலன்னா அந்த ஃபோட்டோவோட போய்க் கேளுங்க. குளிர்காலத்துல கீசர், ரூம் ஹீட்டர் எவ்வளவு நேரம் ஓடுதுன்னும் நேர்மையா பார்த்துக்கோங்க.

ஆப்ல ஜீரோ, டிஸ்ப்ளேல ஓடுதுன்னா வைஃபை டாங்கிள் (இன்வெர்ட்டர்ல இருந்து ஆப்புக்குத் தகவல் அனுப்புற சின்னக் கருவி) பிரச்சினை, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்ஷனுக்கு எந்த நாள்ல கூப்பிடணும்

நான் அடிச்சுச் சொல்ற விஷயம் இதுதான், நம்ம ஊருக்கு ஒரே நாள் செக்கிங் பத்தாது. ரெண்டு விதமான நாள் வேணும். வெயில் நாள்ல பார்க்க வேண்டியது தெர்மல் கேமரா (பேனல்ல எங்க சூடு ஜாஸ்தின்னு காட்டுறது), ஐவி கர்வ் (வோல்டேஜ் மாற மாற ஆம்பியர் எப்படி மாறுதுன்னு அளக்கிற டெஸ்ட்), முழு உற்பத்தி. தெர்மல் கேமரா செக்கிங்குக்கு ஐஇசி 62446 ஸ்டாண்டர்டுல பேனல் மேல சதுர மீட்டருக்கு 600 வாட்ஸ் வெளிச்சமாவது இருக்கணும்னு இருக்கு, மூட்டத்துல எடுத்த தெர்மல் ஃபோட்டோவுல எல்லா பேனலும் அழகா ஒரே கலர்ல இருக்கும், அதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல, அதைக் காட்டிக் காசு கேட்டா கொடுக்காதீங்க. ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் காலை பத்துல இருந்து பன்னெண்டு நல்ல நேரம்.

ஒயர்ல இருந்து எர்த்துக்குக் கசிவு இருக்கான்னு அளக்கிற மெகர் டெஸ்ட் இதுக்கு நேர் எதிர். அதுக்கு வெயில் தேவையே இல்ல, காய்ஞ்ச மதியத்துல எடுத்தா கசிவு தெரியாது, என் ஸ்ட்ரிங்கே மதியம் ரெண்டு மணிக்கு பாஸ் ஆச்சு. பனி நனைஞ்ச காலை ஏழு மணிக்கு எடுக்கச் சொல்லுங்க. 120ல இருந்து 500 வோல்ட் வரைக்கும் இருக்கிற ஸ்ட்ரிங்னா 500 வோல்ட்ல டெஸ்ட், 1 மெகோமுக்கு மேல வரணும். கீழ இருந்து வர்ற ஆள் அந்த நேரத்துக்கு வந்து சேருறது கஷ்டம், அதனால முந்தின சாயங்காலமே வரச் சொல்லி இங்க தங்க வைங்க. அன்னைக்கே கனெக்டர் இறுக்கம், ஸ்க்ரூ சரியா முறுக்கியிருக்கா, எர்த் ஒயர், தகரத்துல போட்ட போல்ட்டைச் சுத்தி துரு, எல்லாம் கையால தொட்டுப் பார்க்கட்டும்.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒப்பந்தப் பேப்பரை எடுங்க. 2024 பிப்ரவரியில ஆரம்பிச்ச பிஎம் சூர்ய கர் திட்டத்துல, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்கிப் போட்டவங்களுக்கு, 5 வருஷம் பராமரிப்பு மாட்டினவங்களோட பொறுப்பு. ரிப்போர்ட்ல "ஓகே"ன்னு டிக் அடிச்சா வாங்காதீங்க, ஸ்ட்ரிங் வோல்டேஜ் எவ்வளவு, மெகர் எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஈரமா காய்ஞ்சதா, எர்த் எத்தனை ஓம்னு நம்பரா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். கை நிழல் நோட்டையும் அவர்கிட்ட காட்டுங்க, எந்த இடத்துல இருந்து தேட ஆரம்பிக்கணும்னு அதைப் பார்த்தாலே அவருக்குத் தெரிஞ்சிடும்.